நாப்பத்தஞ்சுல வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க. 58 வரைக்கும் ஓட முடியாது போல இருக்கு, கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், தஞ்சாவூர் பக்கம் வீடு இருக்கு, வேலைய விட்டுட்டு வந்துடலாமான்னு. சம்பளம் வரலன்னாலும் வீடு ஓடுற அளவுக்கு பணத்தை சேத்துட்டு, அதுக்கப்புறம் பிடிச்ச வேலைய பிடிச்ச நேரத்துக்கு மட்டும் செய்றதுக்கு ஃபயர்னு பேர் வச்சிருக்காங்க, யூட்யூப் தொறந்தா அதுதான். நல்ல ஆசை, தப்பே இல்ல. முப்பது வருஷம் இன்னொருத்தர் சொன்ன நேரத்துக்கு எழுந்து ஓடுனவங்களுக்கு இந்த ஆசை வர்றது நியாயம். ஆனா ஊருக்கு வந்து ரெண்டு வருஷத்துல மறுபடியும் வேலை தேடி சென்னைக்கு பஸ் ஏறுனவங்களையும் எனக்கு தெரியும், அதனால இந்த தடவை கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

"எனக்கு 44 வயசு, சென்னையில தனியார் கம்பெனி மேனேஜர். பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது. நீடாமங்கலம் பக்கம் அப்பா வழில 18 மா நிலமும் ஒரு ஓட்டு வீடும் இருக்கு. பிஎஃப் 48 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 70 லட்சம், டெபாசிட் 30 லட்சம். சென்னை ஃப்ளாட்டுக்கு கடன் முடிஞ்சாச்சு, வாடகைக்கு விட்டா 22,000 வரும். ஊருக்கு வந்தா மாசம் 35,000 போதும். வருஷ செலவ 25ஆல பெருக்குனா வர்ற தொகை இருந்தா வேலைய விடலாம்ங்கிறாங்க, அப்படி பாத்தா எனக்கு 1 கோடியே 5 லட்சம் போதும். ராஜினாமா குடுத்துடலாமா?" – பெயர் வேண்டாம், நீடாமங்கலம்

இப்போதைக்கு குடுக்காதீங்க சார். ஆனா நீங்க ரொம்ப தூரத்துலயும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

அந்த 25 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா அதை எவ்வளவு நம்பலாம்னு புரியும். வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல ஒரு கட்டுரை எழுதுனார். 1926லேர்ந்து அந்த நாட்டு பங்குச்சந்தை, பாண்டு (கடன் பத்திரம்), விலைவாசி கணக்கையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, ஒருத்தர் ரிட்டயர் ஆன முதல் வருஷம் சேமிப்புல 4 சதவீதம் எடுத்து, அப்புறம் வருஷா வருஷம் விலைவாசி ஏறுற அளவுக்கு மட்டும் அதை கூட்டிக்கிட்டே போனா 30 வருஷத்துக்கு பணம் தாங்குமான்னு போட்டு பாத்தார், எந்த வருஷத்துல ரிட்டயர் ஆகியிருந்தாலும் தாங்கியிருக்குன்னு வந்துச்சு. 100ஐ 4ஆல வகுத்தா 25, அவ்வளவுதான் விஷயம். அதுலயே ரொம்ப நெருக்கடில மாட்டுனது 1960கள் கடைசில ரிட்டயர் ஆனவங்க, ஏன்னா அடுத்து வந்த பத்து வருஷமும் அங்க விலைவாசி ஏறுச்சு, சந்தையும் கைகுடுக்கல. இப்ப உங்க கதைக்கு வாங்க. அது அமெரிக்க சந்தை, அமெரிக்க விலைவாசி, 30 வருஷம். நீங்க 44ல விட்டு 90 வரைக்கும் இருக்கணும்னா 46 வருஷம் ஆகுது. நம்ம ஊர்ல விலைவாசி 6 சதவீதம் ஏறுதுன்னு வச்சா 12 வருஷத்துல செலவு ரெட்டிப்பு. அதனால நம்ம ஆளுங்களுக்கு 25 மடங்க நான் சொல்றதே இல்ல, 33 மடங்கு இருந்தா தைரியமா தூங்கலாம்.

அடுத்தது அந்த 35,000. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. அரிசி வீட்டு நெல்லு, வாடகை கிடையாது, பால் பக்கத்து வீட்ல, அப்புறம் என்ன செலவுன்னு தோணும், நியாயம்தான். ஆனா ஊருக்கு வந்துட்டா நீங்க ஊர்க்காரர் சார். சென்னையில இருந்தப்ப வாட்ஸ்அப்ல வாழ்த்து போட்டு தப்பிச்ச கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாத்துக்கும் இனிமே நேர்ல போய் மொய் எழுதணும், கும்பாபிஷேகம் வந்தா தலைக்கட்டு வரி, பங்காளி வீட்டு சாவுன்னா அதுக்கொரு செலவு. ஓட்டு வீட்டுக்கு வருஷா வருஷம் ஓடு மாத்தணும், ஐப்பசி கார்த்திகை மழையில ஒழுகுற இடத்தை கார்ல வந்துட்டு போறவங்க பாத்திருக்க மாட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுன்னா தஞ்சாவூரோ திருச்சியோ போகணும், அதுக்கு வண்டி வேணும். பொண்ணு பத்தாவது முடிச்சா அடுத்த ரெண்டு வருஷம் கோச்சிங், ஹாஸ்டல்னு எங்கயாவது போவா. என் அனுபவத்துல உங்களை மாதிரி ஒரு குடும்பம் ஊர்ல கௌரவமா இருக்க இன்னிக்கு தேதிக்கு 55,000 இல்லாம முடியாது. நம்பலன்னா ஒண்ணு பண்ணுங்க, லீவு போட்டுட்டு ரெண்டு மாசம் குடும்பத்தோட ஊர்ல வந்து இருந்து, ஒரு ரூபா விடாம நோட்டுல எழுதுங்க, ஒரு கல்யாண மாசமும் அதுல வர்ற மாதிரி பாத்துக்குங்க.

55,000னா வருஷத்துக்கு 6 லட்சத்து 60 ஆயிரம். ஃப்ளாட் வாடகையில சொத்து வரி, மெயின்டனன்ஸ், ஆள் காலி பண்ணி சும்மா கிடக்குற மாசம் எல்லாம் போக கைக்கு 2 லட்சம் நிக்கும்னு வைங்க. மிச்சம் 4 லட்சத்து 60 ஆயிரம் சேமிப்புலேர்ந்து வரணும், அதை 33ஆல பெருக்குனா 1 கோடியே 52 லட்சம். உங்ககிட்ட 1 கோடியே 48 இருக்கு, கிட்டத்தட்ட வந்துட்ட மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பிள்ளைங்க காலேஜுக்கு 35 லட்சத்தை இப்பவே தனியா ஒதுக்கிடுங்க, அது உங்க காசு இல்ல. அதை எடுத்துட்டா 1 கோடியே 13. பள்ளம் சுமார் 40 லட்சம்.

நிலத்தை ஏன் கணக்குல சேக்கலன்னு கேப்பீங்க. 18 மான்னா 6 ஏக்கர். நல்லா விளைஞ்சா ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 காணும்னு வைங்க, 18 குவிண்டால், 2025-26 சீசனுக்கு தமிழ்நாட்டுல கொள்முதல் விலை ஊக்கத்தொகையோட சேத்து பொது ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. ஆக ஏக்கருக்கு 45,000 சொச்சம், அதுல உழவு, நாத்து, நடவாள் கூலி, களை, உரம், அறுவடை மெஷின் வாடகைன்னு போனா ஏக்கருக்கு 15,000 நின்னா நல்ல போகம். அதுவும் நெல்லு காசாகுற வரைக்கும்தான் கஷ்டமே இருக்கு. குறுவை அறுக்கிற நேரத்துல ஏதாவது ஒரு டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலுக்கு போய் நின்னு பாருங்க. ரோட்டோரமா நெல்லு அம்பாரமா கொட்டி கிடக்கும், மேல தார்ப்பாய், ஓரத்துல செங்கல்லு, மழை விட்டதும் தார்ப்பாய நீக்கி காலால தள்ளி தள்ளி காய வைப்பாங்க, மறுபடி வானம் கறுத்தா ஓடி வந்து மூடுவாங்க. ஈரப்பதம் பாக்குற மெஷின்ல 17 சதவீதத்துக்கு மேல காட்டுச்சுன்னா எடுக்க மாட்டாங்க, மேலேர்ந்து தளர்வு அறிவிப்பு வர்ற வரைக்கும் ராத்திரி பகலா அங்கயே படுத்து கிடக்கணும், அடியில இருக்கிற நெல்லு முளை விட்டிருக்கும். அந்த அம்பாரத்தை நம்பி அந்த மாச ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்னு ஒருத்தருக்கு இருந்தா அவர் எப்படி தூங்குவார்? அதனால நிலத்துலேர்ந்து வர்றத வீட்டுக்கு சாப்பாட்டு அரிசி, மிச்சம் போனஸ்னு வச்சுக்குங்க, குத்தகைக்கு விட்டாலும் அப்படித்தான். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாதுன்னு சந்தோஷப்படலாம், அதை வச்சு பட்ஜெட் போடக் கூடாது.

ஆனா நிலத்துக்காரங்ககிட்டேர்ந்து கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இந்த மொத்த பதில்லயும் நான் முக்கியமா சொல்ல வர்றதே அதுதான். மேட்டூர் ஜூன் 12 திறக்கணும்ங்கிறது வழக்கம். 2024ல அணையில தண்ணி இல்ல, அன்னிக்கு திறக்கல, ஜூலை 28 தான் திறந்தாங்க. அந்த வருஷம் போர்வெல் இல்லாதவங்க என்ன பண்ணாங்க? குறுவைய விட்டுட்டு சம்பா மட்டும் போட்டாங்க, நாத்து விட நேரமில்லன்னா நேரடி விதைப்பு, அறுத்ததும் தை மாசத்துல உளுந்து பயறு தெளிச்சாங்க. அணையில எவ்வளவு அடி இருக்குன்னு பாத்துதான் எத்தனை போகம்னு முடிவு. சீக்கிரம் ரிட்டயர் ஆகுறவங்களுக்கும் இந்த புத்திதான் வேணும். வருஷா வருஷம் கண்ண மூடிக்கிட்டு அதே தொகைய உருவிக்கிட்டே இருந்தா, வேலைய விட்ட முதல் நாலஞ்சு வருஷத்துக்குள்ள சந்தை விழுந்துச்சுன்னா எந்திரிக்கவே முடியாது, ஏன்னா விலை இறங்கின நேரத்துல மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்ட வித்து சாப்பிட்டிருப்பீங்க, அப்புறம் சந்தை ஏறும்போது ஏறுறதுக்கு கையில யூனிட் இருக்காது. அதனால மூணு வருஷ செலவு டெபாசிட்ல தனியா இருக்கட்டும். சந்தை சரிஞ்ச வருஷம் கார் மாத்துறது, வீட்டுக்கு டைல்ஸ் போடுறது எல்லாத்தையும் தள்ளிப் போடுங்க, தேவைப்பட்டா ஆறு மாசம் ஏதாவது ஒரு வேலை எடுத்து பாருங்க. அப்படி வளைஞ்சு குடுக்க தயாரா இருக்கிறவருக்கு 33 மடங்கு கூட வேண்டியதில்ல, 28லயே ஓட்டிடலாம். வளைய மாட்டேன்னு நிக்கிறவருக்கு 40 மடங்கு இருந்தாலும் பயம்தான்.

உங்களுக்கு என் யோசனை, முழுசா விடாதீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள, பொண்ணு பிளஸ் டூ முடிக்கிற நேரத்துக்கு, உங்க துறையிலயே வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வேலை மாதிரி ஒண்ணு பேசி வைங்க. மாசம் 30,000 வந்தா போதும், வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், அப்புறம் சேமிப்புலேர்ந்து எடுக்க வேண்டியது 1 லட்சம்தான். 1 கோடியே 13 லட்சத்துல அது 1 சதவீதம் கூட இல்ல, மிச்சம் தானா வளரும், பள்ளம் தானா தூர்ந்துடும். ஊர்ல இருக்கலாம், சாயங்காலம் வெண்ணாத்தங்கரையில நடக்கலாம், வயலையும் பாத்துக்கலாம், மாசக் கடைசியில நெஞ்சு படபடன்னு அடிக்காது. வேலைய விடுறதுக்கு முன்னாடியே சொந்தமா ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க, கம்பெனி பாலிசி அடையாள அட்டையோட சேந்து போயிடும். சுகர், பிபி இருந்தா அதுக்கு அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்க வைப்பாங்க, அந்த 3 வருஷம் சம்பளத்துல இருக்கும்போதே கழியட்டும். தனிநபர், குடும்ப பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜிஎஸ்டியும் கிடையாது. அப்பா அம்மா 70 தாண்டியிருந்தா வருமானம் எவ்வளவுன்னு பாக்காம வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைச் செலவுக்கு ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசு மருத்துவ காப்பீடு) குடுக்குறாங்க, அதையும் எடுத்து வைங்க.

"என் வீட்டுக்காரருக்கு 49. கடன் எதுவும் இல்ல, போதுமான அளவு இருக்குன்னு சொல்லி வர்ற தை மாசம் வேலைய விடப் போறேங்கிறார். பொண்ணுக்கு 23, வரன் பாக்க ஆரம்பிச்சுட்டோம். அப்பா என்ன பண்றார்னு கேட்டா என்ன சொல்றது? அவர் நாள் பூரா வீட்ல இருக்கப் போறத நினைச்சாலும் எனக்கு மலைப்பா இருக்கு. இது தப்பா?" – வாசகி, கும்பகோணம்

தப்பே இல்லம்மா. நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விய யாருமே கேக்க மாட்டாங்க, அதுதான் பெரிய கேள்வி, அதனால அதை முதல்ல எடுத்துக்கறேன்.

அவருக்கு ரிட்டயர்மெண்ட்னா உங்களுக்கு என்னன்னு அவர் யோசிச்சிருக்காரா? இத்தனை வருஷம் காலையில எட்டரைக்கு அவர் கிளம்பினதும் உங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கும், கோயிலுக்கு போவீங்க, அக்காகிட்ட போன் பேசுவீங்க, மத்தியானத்துக்கு காலையில வச்ச குழம்பே போதும்னு இருப்பீங்க. இனிமே பதினோரு மணிக்கு ஒரு காபி, ஒரு மணிக்கு சுடச்சுட சாப்பாடு, நாலு மணிக்கு டிபன், நடுவுல யாராவது அவரை பாக்க வந்தா அவங்களுக்கும். அவருக்கு எட்டு மணி நேர வேலை குறையுது, உங்களுக்கு நாலு மணி நேர வேலை கூடுது. இப்படி ஒரு ஓய்வுக்கு ரெண்டு பேரும் சேந்து சேத்த பணத்தை செலவழிக்கிறது நியாயமே இல்லன்னு நான் அவர்கிட்டயே சொல்லுவேன், இந்த பக்கத்தை அவரை படிக்க சொல்லுங்க. சார், காலை டிபன் இனிமே உங்க பொறுப்பு, மார்க்கெட், கரண்ட் பில், அத்தைய ஆஸ்பத்திரி கூட்டிட்டு போறது, கல்யாண மண்டபம் விசாரிக்கிறது எல்லாம் உங்களோடது. ராஜினாமா கடிதம் எழுதறதுக்கு முன்னாடி இதை பேசி முடிச்சுட்டு எழுதுங்க.

வரன் விஷயம். மறைக்க வேண்டியதே இல்லம்மா. வேலை போயிடுச்சோன்னு சந்தேகப்படுறவங்களுக்குத்தான் பதில் தடுமாறக் கூடாது. "இருபத்தஞ்சு வருஷம் இந்த கம்பெனில இருந்தார், போதுமான அளவு சேத்தாச்சு, இப்ப விருப்ப ஓய்வு வாங்கிட்டு சொந்தமா சில வேலைங்க பாக்குறார்"னு நேரா பாத்து சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு உண்மையில தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டுதான், கல்யாணம் நல்லபடியா நடக்குமா, நாளைக்கு இவங்க நம்ம பையனை நம்பி வந்து நிப்பாங்களா. ஆனா என் பக்கத்துல ஒரு யோசனை இருக்கு, முடிஞ்சா கல்யாணம் முடியுற வரைக்கும் அவர் வேலைய தொடரட்டும். ஊர் வாய்க்கு பயந்து சொல்லல. கல்யாணச் செலவு போட்ட பட்ஜெட்டுக்குள்ள நிக்கிறதே இல்ல, மண்டபம், சாப்பாடு, நகைன்னு கடைசி ரெண்டு மாசத்துல எகிறும், தங்கம் விக்கிற விலை உங்களுக்கே தெரியும். ஓய்வு கால பணத்துல முதல் வருஷமே கைய வச்சா அப்புறம் அந்த கணக்கு மொத்தமும் மாறிடும்.

இன்னொண்ணு, போதுமான அளவு இருக்குன்னு அவர் சொல்றார்னு எழுதியிருக்கீங்க, எவ்வளவு, எங்கன்னு உங்களுக்கு தெரியுமான்னு எழுதல. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து எந்த பேங்க்ல எவ்வளவு, எந்த ஃபண்டுல எவ்வளவு, நாமினி யாருன்னு ஒரு நோட்டுல உங்க கையெழுத்துலயே எழுதி வாங்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச பிஎஃப் கணக்குல மாமியார் பேரே நாமினியா இருக்கிற வீடுங்க நிறைய.

"29 வயசு, கல்யாணம் ஆகல. பெங்களூர் கம்பெனிக்கு திருவாரூர்லேர்ந்து வீட்ல இருந்தே வேலை. கைக்கு வர்ற சம்பளத்துல 60 சதவீதம் சேமிக்கிறேன். 40 வயசுல ஃப்ரீ ஆயிடுவேனா?" – வாசகி, திருவாரூர்

பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கிறீங்கன்னு வச்சு, முதலீடு விலைவாசிய விட 3 சதவீதம் கூட வளந்து, வருஷ செலவுக்கு 30 மடங்கு சேக்கணும்னா, பாதி சம்பளத்தை சேமிக்கிறவங்களுக்கு சுமார் 22 வருஷம் ஆகும், 60 சதவீதம்னா 16 வருஷம், 70 சதவீதம்னா 11 வருஷம். அதாவது இதே வேகத்துல 45, இன்னும் இறுக்குனா 40. இறுக்காதீங்கம்மா. திருவாரூர்ல அப்பா அம்மாவோட இருக்கிறதாலதான் இந்த 60 சாத்தியமாகுது, நாளைக்கு கல்யாணமோ, தனி வீடோ, வேற ஊரோ வந்தா அது 35 ஆகலாம், அப்ப ஏதோ தோத்துட்ட மாதிரி மனசு உடைஞ்சு போகக் கூடாது. சேமிப்பு நாலஞ்சு வருஷ செலவுக்கு வந்துட்டாலே உங்க நிலைமை மாறிடும், பிடிக்காத மேனேஜருக்கு, ராத்திரி பதினோரு மணி கால்க்கு முடியாதுன்னு சொல்ற தெம்பு வரும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னா ஆறு மாசம் சம்பளமில்லாத லீவு கேக்க யோசிக்க மாட்டீங்க. அது உங்களுக்கு 33லயே கிடைச்சுடும். வீட்டுக்கு எவ்வளவு குடுக்குறீங்கன்னு எழுதல, அப்பாவுக்கு பென்ஷன் இல்லன்னா மாசா மாசம் ஒரு தொகை குடுக்கிறதை முதல் செலவா எழுதுங்க, மிச்சத்துல சேமிங்க.

"துபாய்ல 22 வருஷம் டிரைவர். வயசு 52. இந்த வருஷத்தோட வந்துடப் போறேன். 25 லட்சம் இருக்கு, சொந்த வீடு இருக்கு, பிள்ளைங்க சம்பாதிக்கிறாங்க. ஒருத்தர் லட்சத்துக்கு மாசம் 2,000 வட்டி தர்ற இடம் இருக்குங்கிறார்." – வாசகர், கூத்தாநல்லூர்

அந்த இடத்துக்கு போகாதீங்க பாய். லட்சத்துக்கு மாசம் 2,000னா வருஷத்துக்கு 24 சதவீதம், நேர்மையா தொழில் பண்ணி எவராலயும் இதை தொடர்ந்து குடுக்க முடியாது, முதல் ஒரு வருஷம் ஒழுங்கா வரும், அதை பாத்துட்டு நீங்களே மச்சானையும் தம்பியையும் சேத்து விடுவீங்க, அப்புறம் ஒரு நாள் ஷட்டர் இறங்கிடும். வெயில்லயும் மண்காத்துலயும் வண்டி ஓட்டி சேத்த காசு அது, அதை போய் அங்க வைக்காதீங்கன்னு கையெடுத்து கும்பிட்டு கேக்குறேன்.

வர்றதுக்கு முன்னாடி அங்க வர வேண்டியத வாங்கிடுங்க. அமீரக சட்டப்படி முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படை சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள், இது சலுகை இல்ல உங்க பாக்கி, கணக்கு போட்டு எழுத்துல வாங்குங்க. இங்க வந்ததும் என்ஆர்இ கணக்க (வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான பேங்க் கணக்கு) சாதா கணக்கா மாத்தணும். அப்புறம் போஸ்ட் ஆபீஸ்ல மாத வருமானத் திட்டம், கணவன் மனைவி ஜாயிண்டா 15 லட்சம் வரைக்கும் போடலாம், இப்ப இருக்கிற 7.4 சதவீதத்துல மாசம் 9,250 கைக்கு வரும், சேரும்போது இருக்கிற வட்டி 5 வருஷத்துக்கு மாறாது. சீனியர் சிட்டிசன் திட்டத்துல வட்டி இன்னும் கூட, ஆனா உங்களுக்கு 60 ஆகணும். மிச்ச 10 லட்சத்தை ஒரே பேங்க்ல போடாம ரெண்டு பேங்க்ல டெபாசிட் பண்ணுங்க, பேங்க் கவுந்தா ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. வட்டி வேண்டாம்ங்கிற கொள்கை உங்களுக்கு இருந்தா தனியா எழுதுங்க, அதுக்கு வேற வழி இருக்கு, விரிவா சொல்றேன். 25 லட்சத்தை வச்சு முழு ஓய்வு கஷ்டம், ஆனா பிள்ளைங்க தலையெடுத்துட்டாங்க, வீடு இருக்கு, லைசென்ஸ் இருக்கு. முதல் ஆறு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்க, பேரப்பிள்ளைங்களோட இருங்க, அப்புறம் தெரிஞ்சவங்களுக்கு திருச்சி ஏர்போர்ட் சவாரி மாதிரி வாரத்துக்கு ரெண்டு நாள் ஓட்டுனா போஸ்ட் ஆபீஸ் காசோட சேத்து வீடு ஓடிடும்.

"பேராவூரணி பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருது. இருக்கிற சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கிட்டா வெட்டுக்கு வெட்டு காசு வரும்ல?" – வாசகர், பட்டுக்கோட்டை

வரும், காத்து அடிக்காத வரைக்கும். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சதை உங்களுக்கு நான் சொல்லணுமா? முந்தின நாள் வரைக்கும் வெட்டுக்கு வெட்டு காசு பாத்துக்கிட்டிருந்தவங்க மறுநாள் தோப்புக்குள்ள நடக்க வழியில்லாம நின்னாங்க, புதுசா வச்ச நெட்டை ரகம் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். வெள்ளை ஈ வந்தா காய் குறையும், தேங்கா விலை வேற ஏறி இறங்கும். தோப்பு வாங்குங்க, ஆசையா இருந்தா கண்டிப்பா வாங்குங்க, ஆனா சேமிப்புல நாலுல ஒரு பங்குக்கு மேல அதுல போடாதீங்க.

"38 வயசு. இப்ப இருக்கிற கம்பெனில 4 வருஷம் 2 மாசம், முந்தின கம்பெனி பிஎஃப் சேத்து மொத்த சர்வீஸ் 9 வருஷம் 2 மாசம். அடுத்த மாசமே விட்டுட்டு மயிலாடுதுறைக்கு வந்து மனைவியோட டியூஷன் சென்டர் நடத்தலாம்னு இருக்கோம். ராஜினாமா பேப்பர் போடலாமா?" – வாசகர், மயிலாடுதுறை

டியூஷன் சென்டர் நல்ல யோசனை, ஆனா பத்து மாசம் பொறுங்க தம்பி. ஒரே கம்பெனில 5 வருஷம் முடிச்சாத்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை), கடைசி அடிப்படை சம்பளத்தை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும், அடிப்படை 40,000னா 5 வருஷத்துக்கு சுமார் 1,15,000. டியூஷன் சென்டருக்கு பெஞ்சு, போர்டு, அட்வான்ஸ் எல்லாம் அதுல முடிஞ்சுடும். அதே பத்து மாசத்துல பிஎஃப் பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷமும் ஆயிடுது. 15,000 சம்பள வரம்புல 10 வருஷத்துக்கு போட்டா மாசம் 2,143 தான் வரும், சின்ன தொகைதான், ஆனா 58லேர்ந்து ஆயுசுக்கும் வரும், உங்களுக்கு அப்புறம் மனைவிக்கும் ஒரு பங்கு வரும். 50லயே கேட்டா குடுப்பாங்க, ஆனா 58க்கு முன்னாடி ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைச்சுடுவாங்க, அதனால அவசரப்பட வேண்டாம். நடுவுல முந்தின கம்பெனி கணக்கு இந்த யூஏஎன் நம்பருக்கு (உங்க எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான நம்பர்) மாறியிருக்கான்னு போர்ட்டல்ல பாருங்க, பணம் மாறியிருந்து சர்வீஸ் மாறாம நிக்கிறதும் உண்டு. பேரு, பொறந்த தேதி ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், அப்பா பேரு எழுத்துப்பிழை கூட இருக்கக் கூடாது. திருத்தம் ஏதாவது இருந்தா ஹெச்ஆர் உங்களுக்கு பதில் சொல்லிக்கிட்டிருக்கிற இந்த பத்து மாசத்துக்குள்ளயே முடிச்சுக்குங்க. கடைசி நாள் முடிஞ்சதும் வேலைய விட்ட தேதிய அவங்க ஏத்துனாங்களான்னு அடுத்த மாசமே பாத்துடுங்க, ஏத்தலன்னா நீங்களே போர்ட்டல்ல போடுறதுக்கும் வழி இருக்கு.